வயிற்று வலி

நாகர்கோவில் அலுவலகத்தில்
பகுதிநேர நிருபர்களுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள்.
ஒன்பதாவது கேள்வி: இத்தொழிலுக்கு ஏன் வந்தீர்கள்?
பதிலுக்கு இரண்டு வரி இடம்.

சாகுல் சிரித்துக்கொண்டே சொன்னான்,
"பைக்கில பிரஸ்னு ஒட்டினா
களியக்காவிளை செக்போஸ்ட்டில நிறுத்தமாட்டானே."
எழுதியது என்னவோ சமூக அக்கறை.
டெஸ்க்கில் இருக்கும் மனோகரதாஸ் சாருக்கு
கெமிஸ்ட்ரி படித்தும் ரப்பர் கம்பெனியில் வேலை கிடைக்கவில்லை,
அவ்வளவுதான்.
டெல்பின் எதுவும் சொல்லவில்லை.
திரும்பி வராத படகின் பட்டியலில்
அவள் அப்பா டயனீசியஸ், டென்னிஸ் ஆகிப்போய்,
அதைத் திருத்தக்
குளச்சலுக்கும் கலெக்டர் ஆபீசுக்குமாய்
நாலு வருஷம் அலைந்தவள்.
இப்போதும் யாரிடம் பெயர் கேட்டாலும்
இரண்டுமுறை எழுத்துக்கூட்டச் சொல்வாள்,
மந்திரியையும்.

நான் பேனாவைத் திறந்து
மூடினேன்.

அருமனையில் எனக்குப் பத்து வயது.
ரப்பர் ஷீட் காயப்போட்ட கொடிக்கு அந்தப்பக்கம்
ஆம்புலன்ஸ்.
வகுத்தல் கணக்கில் மீதியை எங்கே எழுதுவதென்று
எனக்குச் சொல்லித்தந்த சுபலதா அக்காவின் வீடு.
"என்ன ஆச்சு?"
"ஒண்ணுமில்ல பிள்ளே, நீ போ."
நாலு பேரிடம் கேட்டேன்.
நாலு பேருக்கும் அதே பதில்,
பேசி வைத்ததுபோல.
ஒண்ணுமில்லாததற்கா
முற்றத்தில் இத்தனை செருப்பு?

மூன்றாம் நாள்
ஏத்தங்காய் அப்பம் பொதிந்துவந்த தாளில்
எண்ணெய்க்கு அடியில் அக்கா தெரிந்தாள்:
தீராத வயிற்று வலியால்
இளம்பெண் விபரீத முடிவு.

எனக்குத் தெரியும் அந்த வயிற்றை.
மரச்சீனியும் சாளைக் கறியும்
கூடக் காந்தாரி மிளகை உப்போடு நசுக்கியும் தின்றுவிட்டு
சக்கைச் சுளைக்குத் தனியாக இடம் வைத்திருக்கும் வயிறு.
அதைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்து
நான் பார்த்ததே இல்லை.
பார்த்தது, கல்யாணம் முடிந்து வந்தவள்
சித்திரை வெயிலில் போட்டிருந்த
முழுக்கைச் சட்டையை.

அப்பத்தைத் தின்றேன்.
சொல்லத்தானே வேண்டும், தின்றேன்.
தாளை மட்டும் எறியவில்லை.
யாரோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து
இந்த வரியை எழுதியிருக்கிறான்.
அவனுக்கு யார் சொன்னது?
அவன் யாரிடம் கேட்டான்?
எங்கள் ரோட்டுக்கு வந்தானா?
அவனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.
அவனாக வேண்டும் என்றல்ல.

ஆனேன்.
பதினோரு வருஷம், சென்டிமீட்டர் கணக்கில் கூலி.
இரவு ஒன்பதே முக்காலுக்கு
ஸ்டேஷனிலிருந்து வாசிப்பார்கள்,
பக்கம் மூடப் பத்து நிமிஷம் இருக்கும்,
எழுதுவேன்.
தீராத வயிற்று வலி
என் கையால் ஆறுமுறை அச்சேறியிருக்கிறது.
வேறு யாரும் எண்ணவில்லை, நான் எண்ணியிருக்கிறேன்.
எப்படி வகுத்தாலும்
மீதி என்னிடமே நிற்கிறது.

நேற்று இன்னொன்று.
திற்பரப்புக்குப் போகும் வழியில் ஒரு வீடு.
"வயித்து வலின்னு போடுங்க மேடம்."
"டாக்டர் சொன்னாரா சார்?"
"அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீங்க போடுங்க."
போனை வைத்துவிட்டார்.

ஸ்கூட்டரைத் திருப்பினேன்.
களியலில் மழை பிடித்துக்கொண்டது.
பக்கம் மூடியிருப்பார்கள்.
மனோகரதாஸ் சார் மூன்றுமுறை கூப்பிட்டு
நான்காம் முறை திட்டியிருப்பார்.
என்னுடைய நாலு சென்டிமீட்டரில்
ஒரு நகைக்கடை ஏறி உட்கார்ந்திருக்கும்.

அந்த முற்றத்திலும் செருப்புகள்,
மழையில் நனைந்து, ஜோடி மாறி.
யூனிபார்மைக்கூட மாற்றாத சின்னவள் ஒருத்தி
கூட்டத்தில் எல்லாரையும் விட்டுவிட்டு
என் நோட்டைப் பார்த்துக் கேட்டாள்,
"என்ன ஆச்சுக்கா?"

"தெரியல. கேக்கத்தான் வந்தேன்."

படிவத்தை
வியாழக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.